இருபத்து நான்காம் ஃபாரம்

மூலத்தைத் தொடாமலே விருத்தியுரை சொல்ல வல்லவர்கள் நாற்பத்திரண்டு பேர் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இணையத் திரையில் கூடினார்கள். அவர்கள் படித்துவருவதாகச் சொல்லிக்கொண்ட நாவல் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு பக்கம். ஓடம் விட்டுப் பிழைத்த ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. எழுதியவர் மறைந்து எண்பது ஆண்டுக்கு மேலாகிறது. எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம் கூட்டத்தார் அனைவருக்கும் இருந்தது. நாற்பத்து மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் நூலைப் படித்திருந்தாள்.

வாரம் நாற்பது பக்கம் என்பது விதி. விதியை வகுத்தவரை எல்லாரும் ஆசான் என்று அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முகவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பொருளையும் மூன்றாகப் பகுத்துச் சொல்வார். மூன்றாவது கிடைக்காதபோது முதலாவதையே குரலைத் தாழ்த்தி மறுபடி சொல்வார். கேட்போர் கண்கள் பனிக்கும். பாயிரம் பாடியே பொழுதைப் போக்கி, நூலுக்குள் நுழையும் நேரத்தில் மங்களம் பாடிவிடும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

அவருக்கு இரு பக்கமும் இரண்டு பக்தர்கள். ஒருவர் பல் டாக்டர். நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மருந்து ஏறும் பத்து நிமிடத்தில் இலக்கியத்துக்கு வருவார்; முகமூடி தாடைக்குக் கீழே தொங்கும். மற்றவர் ஒரு வங்கியின் மேலாளர் அம்மாள். நாவலைக் கைபேசியில் இறக்கி வைத்திருந்தார். இறக்கி வைத்ததோடு பாரமும் இறங்கிவிட்டது போலும். வாரந்தோறும் "பிரமிப்பு" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, யார் என்ன சொன்னாலும் அதை வழிமொழிவார்.

நாற்பத்து மூன்றாமவள் ஒரு பைண்டிங் பட்டறையில் பத்தொன்பது ஆண்டாக வேலை செய்பவள். திரையில் அவள் கட்டத்தின் கீழே பட்டறையின் பெயரே விழுந்ததால், கூட்டத்தில் அவளுக்குப் பைண்டிங் அம்மா என்று பெயர். அவளுடைய தொழிலில் ஒரு பெரிய தாளின் இரு புறமும் அச்சாகி வரும். அதை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அந்தப் பதினாறு பக்க மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் எறும்பு அளவில் ஓர் எண் இருக்கும். நீண்ட மேசையில் ஃபாரங்கள் எண் வரிசையில் அடுக்கடுக்காக நிற்க, மேசையோரம் நடந்தபடி அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகம். அவள் அப்படி நடந்த தொலைவைக் கூட்டினால் ஒரு கடலைச் சுற்றி வந்திருக்கலாம்.

அந்த நாவல் அவளிடம் வந்த விதம் எளியது. அட்டை கிழிந்த பிரதி ஒன்றைப் புது அட்டை போடக் கொடுத்தவர் திரும்பி வரவேயில்லை. மூன்று ஆண்டு காத்திருந்த முதலாளி, "இடத்த அடைக்குது, நீ எடுத்துக்கோ" என்றார். அவள் மதிய இடைவேளைகளில் படித்தாள். எதிரே தாள் மடிக்கும் நாத்தனாருக்கும் அவ்வப்போது வாய்விட்டு வாசித்தாள். நாத்தனார் படிப்பின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். ஆயினும் ஓரிடத்தில் அவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த இடம் முந்நூற்று அறுபத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஓடக்காரக் குடும்பத்தின் கிழவி பின்கட்டு அறையில் பதினொரு நாள் படுத்துக் கிடக்கிறாள். இருபது ஆண்டு அவளிடம் வதைபட்ட மூத்த மருமகள், நெஞ்சில் சேர்த்து வைத்த சொற்களை எல்லாம் ஒரு பகல் முழுதும் கொட்டுகிறாள். கிழவி ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசியில், முடிந்ததா என்று கேட்கிறாள். பிறகு தண்ணீர் கேட்கிறாள். மருமகள் கொடுக்கிறாள். மறுநாள் கிழவி இல்லை. பதினாறு பக்கம்; ஒரு சொல் மிகையில்லை. நாத்தனாரின் தாயை, அதாவது தன் மாமியாரை, ஓராண்டு படுக்கையில் வைத்துப் பார்த்தவள் பைண்டிங் அம்மா. இருவரும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்த மருமக கேட்டதெல்லாம் நியாயம்தான் அண்ணி" என்று நாத்தனார் வெகுநேரம் கழித்துச் சொன்னாள். "எங்கம்மாகிட்ட நீயும் கேட்டிருக்கலாம்."

பத்தாம் வாரம் கூட்டம் அந்தப் பக்கங்களுக்கு வந்தது. அவள் தன் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆசான் தொண்டையைச் செருமினார். உலக இலக்கியத்திலேயே எவரும் துணியாத காரியம் ஒன்றை இந்த ஆசிரியர் செய்திருப்பதாக அறிவித்தார். முந்நூற்று ஐம்பத்து மூன்று முதல் முந்நூற்று அறுபத்தெட்டு வரை அண்ணனும் தம்பியும் ஓடத்துக்குத் தார் பூசிக்கொண்டே பாகம் பிரிக்கும் காட்சி வருகிறது. அது முடிந்ததும் அதே காட்சி, ஓர் எழுத்துப் பிசகாமல், மீண்டும் வருகிறது. பக்க எண்ணும் பின்னோக்கித் திரும்பி முந்நூற்று ஐம்பத்து மூன்றிலேயே தொடங்குகிறது. காலத்தையே பிடித்து இழுத்திருக்கிறார் என்றார் ஆசான். அடுத்து வருவது முந்நூற்று எண்பத்தைந்தாம் பக்கம். நடுவே ஒரு பாய்ச்சல். அங்கே கிழவி இல்லை. எங்கே போனாள், என்ன ஆனாள், ஒரு சொல் இல்லை. தாயை மௌனத்தால் கொன்ற பேரிலக்கியம் இது ஒன்றே என்று குரலைத் தாழ்த்தினார்.

ஒரு பட்டறையில், ஒரு மாலையில், களைத்த கை ஒன்று ஒரே அடுக்கில் இருமுறை தாழ்ந்து அடுத்த அடுக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. நடந்தது அவ்வளவே. இருபத்து மூன்றாம் ஃபாரம் இரண்டு, இருபத்து நான்காம் ஃபாரம் இல்லை. அந்தப் பழுதைச் சன்னிதியாக்கி அதன் முன் ஒரு மனிதர் கைகூப்பி நின்றார்.

அவரை மன்னித்துவிடலாம்; அவர் பிரதியில் அப்படித்தான் இருந்தது. பழுதில்லாப் பிரதி வைத்திருந்தவர்களை என்ன செய்வது? பல் டாக்டர் அந்தக் காட்சியை இரண்டாம் முறை கண்டபோது தாம் அழுதுவிட்டதாகச் சொன்னார். மேலாளர் அம்மாள் முதல் முறை தம்பி பக்கம் நின்றதாகவும் இரண்டாம் முறை அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டதாகவும் எழுதினார். பக்க எண்ணே இல்லாத கைபேசிப் பதிப்பில் அந்தப் பின்னோக்கிய திருப்பம் தம்மை உலுக்கியதாக வேறொருவர் சொன்னார். தத்தம் நூலில் இல்லாத ஒன்றைக் கண்டு உருகியவர்கள் அன்று முப்பத்தெட்டுப் பேர். எஞ்சியவர்கள் அன்று திரைக்கு வரவில்லை.

அவள் ஒலியைத் திறந்தாள். தன் புத்தகத்தில் அந்தக் காட்சி ஒரே முறைதான் வருகிறது என்றும், பக்கத்தின் அடியில் சிறிய எண் ஒன்று இருக்கும், அதை ஆசான் பார்க்க வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னாள். கிழவி இறக்கும் பகுதி விடுபட்டிருக்கிறது என்றாள்.

ஆசான் சிரித்தார். "நாம உயிரப் பத்திப் பேசிட்டிருக்கோம். அம்மா தையலப் பத்திப் பேசுறாங்க."

திரை முழுதும் சிரிப்பு முகங்கள் உதிர்ந்தன. பல்லைக் காட்டச் சொன்னால் செருப்பைக் காட்டும் நோயாளிகள் தம்மிடமும் வருவதுண்டு என்றார் டாக்டர். அன்று பிற்பகல் அவள் அந்தப் பதினாறு பக்கத்தையும் படம் எடுத்து, கூட்டத்தாரின் கைபேசிக் குழுவில் இட்டாள். நான்கு நிமிடத்தில் அவை நீக்கப்பட்டன. பதிப்புச் சில்லறைகளை இங்கே கொண்டுவர வேண்டாம், இலக்கியம் மட்டும் பேசுவோம் என்று புதிய விதி ஒன்று வந்தது.

மறுநாள் பட்டறையில் நாத்தனார் கேட்டாள். "நாப்பது பேருக்கு மேல இருக்காங்கன்ன. ஒருத்தர் கூடவா அண்ணி படிக்கல?"

"படிச்சிருந்தா அழுதிருக்க மாட்டாங்க."

"அழுதாங்களா? எதுக்கு?"

"தார் பூசுறதுக்கு."

நாத்தனார் மடிப்புக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதோடு போயிருந்தால் இதை எழுதவேண்டியதில்லை. ஊரில் மூடர் கூடி ஒரு பழுதை மெச்சிக்கொள்வது புதிதன்று; நூல் தன்பாட்டுக்கு நலமாக இருக்கும்.

ஆனால் ஆசானுக்கு ஒரு மச்சான் இருந்தார். அவர் பதிப்பாளர். நாவலின் பழைய பதிப்பு கடைகளில் தீர்ந்து இருபது ஆண்டாகிறது. இருக்கும் பிரதிகளும் பொடியாகின்றன. கைபேசியில் உலவும் பதிப்போ எவரோ பாதிக்குப் பாதி சுருக்கியது. ஆகவே ஆசானின் பிரதியையே பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அச்சிடுவது, ஆசான் நாற்பது பக்கத்தில் முன்னுரை எழுதுவது என்று முடிவாயிற்று. முன்னுரையின் பொருள் திரும்ப வரும் தார்க் காட்சியும் சொல்லப்படாத சாவும். ஐந்நூறு பிரதி. இனி நூல் என்று எவர் கேட்டாலும் கைக்கு வரப்போவது இதுதான். நூலகத்தில் இது இருக்கும். வகுப்பில் இது இருக்கும். அந்தக் கிழவி சாகாமலே காணாமற்போவாள். அந்த மருமகளின் ஒரு பகல் உலகத்தில் எங்கும் இராது.

மச்சான் வழக்கமாக அச்சுக்குக் கொடுப்பது இந்தப் பட்டறையில். முன்கட்டில் அச்சு இயந்திரம், பின்கட்டில் பைண்டிங். ஒரு செவ்வாய்க்கிழமை மாதிரித் தாள்கள் அவள் மேசைக்கு வந்தன. பழைய நூலைப் படம்பிடித்ததால் எறும்பு எண்களும் அப்படியே வந்திருந்தன. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்தைந்து. அவள் அந்த நான்கு தாள்களையும் தனியே எடுத்து வைத்தாள்.

மதியம் ஆசானுக்குத் தொலைபேசினாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஓரிடத்தை வாசிக்கிறேன், கேட்க வேண்டும் என்றாள். நூலின் எண்ணூறு பக்கத்தைப் பிறர் வாயால் கேட்டே கடந்தவர் அவர், ஆகையால் மறுக்கவில்லை. அவள் பதினாறு பக்கத்தையும் வாசித்தாள். அரை மணிக்கு மேலாயிற்று. எதிரே நாத்தனார் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டுத் தலை குனிந்திருந்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"நல்லா வாசிக்கிறீங்கம்மா" என்றார் கடைசியில்.

"எழுதினவர் நல்லா எழுதியிருக்கார் சார்."

"ஆமா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன். இது இல்லாமதான் நாவல் உயரத்துக்குப் போகுது."

"அவ செத்துட்டா சார். பதினோரு நாள் கெடந்து செத்திருக்கா. எங்கயோ போயிட்டான்னு சொல்றீங்க."

"முன்னுரை முடிஞ்சு அச்சுக்குப் போயாச்சும்மா." அவர் குரலில் முதல் முறையாகப் பயிற்சி தெரியவில்லை. "இத்தன பேர்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

"பாக்காம விட்டுட்டேன்னு சொல்லுங்க. யாருக்கும் வர்றதுதான்."

அவர் அதை ஏற்கவில்லை. இதை யாரிடமும் பேச வேண்டாம், நன்றியுரையில் உங்கள் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றார்.

"பேரு வேண்டாம் சார். பதினாறு பக்கத்தப் போடுங்க."

தொடர்பு அறுந்தது. தவறு செய்வது மனித இயல்பு. தவறென்று தெரிந்த பின் அதற்கு அலங்காரம் செய்து பூச்சூட்டுவது கற்றவர்களுக்கே உரிய சிறுமை. அதுவரை அவர் அறியாதவர். அந்த அரை மணிக்குப் பிறகு அவரைக் குறிக்க மென்மையான சொல் எதுவும் நம்மிடம் இல்லை.

அவள் மாதிரித் தாள்களை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். நாத்தனாரும் கூடவே போனாள். முதலாளி வாழ்நாளில் ஒரு நாவலும் படித்தவரல்லர். புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்ப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். பார்ட்டி கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதே நம் வேலை என்றார். நாத்தனார் விடவில்லை.

"அண்ணே, ஒரு பொம்பள சாகுற இடத்தயே காணோம்."

"கதையில யார் செத்தா எனக்கென்னம்மா?"

பைண்டிங் அம்மா கதையைப் பேசவில்லை. நான்கு தாள்களையும் அவர் முன் வரிசையாக விரித்து, அடியில் இருந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டினாள். முதலாளி கண்ணாடியை மாட்டினார். இருபத்து மூன்றை ஒருமுறையும், அடுத்த இருபத்து மூன்றை இருமுறையும் பார்த்தார். அவர் முகம் மாறிற்று.

"இது நம்ம பட்டறையிலேருந்து போகப்போகுதா?"

"ஐந்நூறு பிரதி."

"தொழில் தெரிஞ்சவன் ஒருத்தன் பிரிச்சுப் பாத்தா, கண்ண மூடிக்கிட்டு அடுக்கிருக்கான்னு என் மூஞ்சியில துப்புவான்."

அங்கேயே பதிப்பாளருக்குத் தொலைபேசி போட்டார். ஒரு ஃபாரம் தவறாக வந்திருக்கிறது, சரியானதை வைத்து அச்சிடுகிறோம் என்று நேராகவே சொன்னார். பதிப்பாளர் இரண்டு கேள்வி கேட்டார். பக்கம் கூடுமா? கூடாது. தடிமன் மாறுமா? மாறாது. அப்படியானால் தமக்கு ஆட்சேபம் இல்லை, பார்த்துச் செய்யுங்கள் என்றார். எந்த ஃபாரம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஆசானிடம் சொல்லவும் தோன்றவில்லை. பதினாறு பக்கத்தைக் கொல்வதற்கு நாற்பது பக்க முன்னுரை தேவைப்பட்டது. மீட்பதற்கு ஒருவர் கேளாதிருந்ததே போதுமாயிற்று.

அவளுடைய பிரதியிலிருந்து இருபத்து நான்காம் ஃபாரத்தைப் படம்பிடித்தார்கள். ஒரு பக்க ஓரத்தில் அவளுடைய பசைக் கைரேகை விழுந்திருந்தது. இருக்கட்டுமா என்று அச்சு இயக்குபவர் கேட்டார். துடைத்துவிடச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து மேசையில் எழுபத்து நான்கு அடுக்குகள் எண் வரிசையில் நின்றன. அவளும் நாத்தனாரும் முன்னும் பின்னுமாக நடந்து ஐந்நூறு பிரதியும் சேர்த்தார்கள். முன்னுரை தனி ஃபாரங்களாக வந்தது. அதையும் ஒரு மடிப்புக் குலையாமல் முன்னே வைத்தாள். தொழில் அது.

வெளியீடு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்தில், திரையிலேயே நடந்தது. எல்லாருக்கும் முன்கூட்டியே அஞ்சலில் பிரதி போயிருந்தது. நூலை முகத்தருகே பிடித்துக்கொண்டு அனைவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டரின் பிரதியில் கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படவில்லை, வெளிச்சத்தில் பளபளத்தது. அவள் சமையலறையில் அடுப்புத் திட்டின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தாள். அருகே நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆசான் மும்முறை வணங்கினார். காலத்தைத் திருப்பும் அந்த மகத்தான இடத்தைத் தாமே வாசிக்கப்போவதாகச் சொல்லி, அனைவரும் தத்தம் பிரதியில் உடன் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தார்க் காட்சியின் இறுதிப் பத்தியை உருக்கமாக வாசித்தார். "இப்ப பாருங்க, மறுபடி" என்று எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணைத் திருப்பினார்.

திருப்பியவர் நின்றார். பின்கட்டு அறை, படுக்கை, கிழவி. அவருக்கு அந்தப் பக்கம் தெரியும். அரை மணி நேரம் தொலைபேசியில் கேட்டது அது.

"தெரிஞ்சுபோச்சு அண்ணி அவருக்கு" என்றாள் நாத்தனார், துணியைக் கீழே போட்டுவிட்டு.

ஆசானின் கண்கள் தாளில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடின. பிறகு வாய் திறந்தது. கண்ணெதிரே மருமகள் பேசிக்கொண்டிருக்க, அவர் நாக்கு தார்க் காட்சியை முதல் வரியிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்தது. தார்ச்சட்டி, தூரிகை, அண்ணனின் முதல் கேள்வி, தம்பியின் பதில். இல்லாத வரிகளை இருப்பதாகப் பாவித்து, வரி முடியுமிடத்தில் தலையைக்கூட அசைத்து, இரண்டு பக்கம் வாசித்தார். நாற்பது பேர் விரித்த நூலைப் பார்த்தபடியும் பல் டாக்டர் உறையைப் பார்த்தபடியும் உடன் தலையசைத்தார்கள். மேலாளர் அம்மாள் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். எந்த வரியின் கீழ் என்பது அவருக்கே வெளிச்சம். டாக்டர் முகமூடியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசித்து முடித்து ஐயங்கள் உண்டா என்று கேட்பது மரபு. அன்றும் கேட்டார். கேட்டபோது அவர் பார்வை திரையில் ஒரு கட்டத்திலேயே நின்றது. அவள் ஒலியைத் திறந்தாள்.

"முந்நூத்தி எழுபத்தேழாம் பக்கம் சார். அதக் கொஞ்சம் வாசிங்க."

ஆசான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது என்றார். பன்னிரண்டு வரை நடக்கும் கூட்டம் அன்று பத்தே முக்காலுக்கு முடிந்தது. பத்து ஐம்பதுக்கு அவள் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள்.

"தள்ளிட்டாரா?" என்றாள் நாத்தனார்.

"தள்ளிட்டார்."

"போகட்டும் விடு. பக்கத்த இனிமே எடுக்க முடியாதில்ல?"

"முடியாது. தச்சாச்சு."

பதினொரு மணிக்கு அவளுக்குத் தனியே ஒரு செய்தி வந்தது. பல் டாக்டர். வணக்கம் சொல்லி, ஆசான் இன்று வாசித்த அந்த இரண்டாம் முறை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டிருந்தார். பொறுமையாகத் தேடியும் அகப்படவில்லையாம். எண்ணை மட்டும் அனுப்பினால் போதுமாம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். முந்நூற்று அறுபத்தொன்பது. பதினாறு பக்கமும் படிக்க வேண்டும்.

கைபேசியை அவள் கீழே வைக்கும் முன்பே உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. கண்ணாடித்தாள் உறையைக் கிழிக்கக்கூட அந்த நேரம் போதாது.